மேலே போகாத பாக்கெட்

மார்ச் 2
எனக்கு எழுத்து தெரியாது. பேசினால் கைபேசியே எழுதிக்கொள்கிறது, கேட்டால் படித்தும் காட்டுகிறது. பொருத்திக் கொடுத்தது ஸ்ரீராம். நாகப்பட்டினத்துக்காரன், மகள் யாமினியின் கீழே வேலை. சிங்கப்பூரில் எங்கள் மார்சிலிங் வீட்டுக்கு வந்தால் இருவரும் கணினிக்குள்தான். இன்று சொன்னான், "ஐயா, மெஷின் தனக்குத்தானே சோதனைப் பாக்கெட், அதாவது ஒரு சின்னத் தகவல் பொட்டலம், அனுப்பிப் பாக்கும். திரும்பி வந்ததும், மெஷினுக்கு அடியில ஓடுற கெர்னல் அதைப் புடிச்சு, எண்ணிட்டு, அங்கேயே போட்டுடணும். மேலே இருக்கிற புரோகிராமுக்கு விடக்கூடாது." எப்படி அடையாளம் தெரியும் என்றேன். "உள்ளே ஒரு ரகசிய நம்பர் இருக்கு."

துறைமுகத்தில் முப்பது வருடம் பெட்டி எண்களைக் காதால் கேட்டே மனத்தில் வைத்தவன் நான். புரிந்தது.

மார்ச் 9
வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்குக் காட்டியது நன்றாகப் போனதாம். யாமினி தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கி வந்தாள். ஸ்ரீராம் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 19
துவாஸில் தொழிலாளர் விடுதிக் கேட் திறக்கவில்லை. இவர்கள் செய்து கொடுத்த மென்பொருளில்தான் அது ஓடுகிறது. வேலை முடிந்து வந்த எண்ணூறு பேர் இரண்டு மணி நேரம் மழையில். கேட் அனுப்பிய நிஜப் பாக்கெட்டைச் சோதனை என்று நினைத்துக் கெர்னல் தூக்கிப் போட்டுவிட்டது. ரகசிய எண்ணைப் பார்க்கவே இல்லை. பாக்கெட் வந்து சேரும் வாசலின் எண், போர்ட் எண் என்கிறார்கள், அது ஒத்திருந்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

மார்ச் 21
ஸ்ரீராமின் தப்பு என்று மேலாளர் ஷங்கரிடம் யாமினி சொல்லிவிட்டாள். வேலை போனால் இங்கே தங்குவதற்கான அவன் பாஸும் போகும். ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

போனில் அழுதான். "யார் நம்புவா ஐயா? மாத்தினது என் பேர்லதானே இருக்கு."

யாமினியிடம் கேட்டேன். "நாலாம் தேதி நீதானேம்மா அந்த நம்பர் பாக்கிறதை எடுக்கச் சொன்னே?"

"உங்களுக்கு என்னப்பா தெரியும்? படிக்காதவங்க பேச்சை யார் கேப்பாங்க? சும்மா இருங்க லா."

படிக்காதவன். இவளைப் படிக்க வைத்தது எந்தப் படித்தவன்?

அன்றைக்கே கைபேசியில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். முகம் மாறியது.

மார்ச் 22
படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாம் தேதி. அடுத்தது ஒன்பது. நாலாம் தேதி இல்லை. நான் குளிக்கப் போனபோதுதான் அழித்திருக்கிறாள் — பெத்த பொண்ணு!

மார்ச் 23
மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள். மார்ச் 4, புதன், மாலை நாலரை. நான் இஞ்சி டீ கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீராம்: "அக்கா, போர்ட் மட்டும் பாத்தா போதாது. நிஜப் பாக்கெட்டும் மாட்டும்."

யாமினி: "அந்த நம்பர் கலைஞ்சு வருது, டெஸ்ட் ஃபெயிலாகுது. வெள்ளிக்கிழமை டெமோ. நம்பர் பாக்கிற செக்கை எடுத்துடு. என் பொறுப்பு."

என் பொறுப்பு. இரண்டு தடவை சொன்னாள்.

நாளைக்குத் தெம்பனிஸ் போகிறேன், அவள் ஆபீசுக்கு.

மார்ச் 24
நான் சொன்னதைக் கேட்டு ஷங்கர் முதலில் சிரித்தார். பிறகு திரையில் பார்த்தார். மாற்றிய நேரம் நாலு முப்பத்தைந்து. யாமினியைக் கூப்பிட்டார். அவள் என்னைத்தான் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 6
திங்கட்கிழமை. ஸ்ரீராம் வேலையில் இருக்கிறான். இந்தப் பக்கம் வருவதில்லை. யாமினியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இஞ்சி டீ கலக்கி அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை. ஆறி ஆடை கட்டிய பிறகு நானே எடுத்துக் குடித்தேன்.