ஆர்லனின் நான்காவது ஓட்டு

2019 மார்ச் 4, திங்கள்

இன்று நகர சபையில் உறுப்பினர் ஃபிலிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்து என் சிறகை நறுக்கிவிட்டாள். போலீஸ் தலைவரை மேயர் தனியாக நியமிக்கக் கூடாதாம். மேயர் பெயர் சொல்ல, சபை சம்மதிக்க வேண்டுமாம். மூன்று பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. ஐந்தாவது உறுப்பினர் என் வீட்டுக்காரர் ஆர்லன். பல் பிடுங்கிய வீக்கத்தோடு சோபாவில் கிடந்தார்.

ஆறு வருடமாக மேயராக இருக்கிறேன். தப்பான ஆள் ஒருவனையாவது போட்டிருப்பேனா? "உங்களைச் சொல்லலை டீச்சர், பதவியைச் சொல்றேன்" என்கிறாள் ஃபிலிஸ். பள்ளியில் அவளுக்கு அரசியல் சட்டம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது.

மார்ச் 6

அந்தச் சட்டத்தைத் தடுத்து வீட்டோ போட்டுவிட்டேன். காரணம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. 'தேவையற்ற சட்டம்' என்று எழுதினேன். 'என்னை நம்பமாட்டீர்களா' என்று எழுதத்தான் கை துடித்தது.

என் வீட்டோவைத் தாண்ட அவர்களுக்கு நான்கு ஓட்டு வேண்டும். இருப்பது மூன்று. நான்காவது ஓட்டு அடுத்த அறையில் குறட்டை விடுகிறது.

மார்ச் 10, ஞாயிறு

சர்ச்சிலிருந்து திரும்பும்போது நேராகவே கேட்டேன்.

"எப்படி ஓட்டுப் போடப் போறே?"

"கூட்டத்துல தெரியும்."

"நான் உன் பெண்டாட்டி!"

"வீட்ல. அங்கே நீ மேயர்."

முப்பத்து நான்கு வருடம் இந்த மனிதனோடு குப்பை கொட்டியிருக்கிறேன்.

மார்ச் 17

பன்றி இறைச்சி வறுவல். செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை. ஆர்லன் இரண்டு துண்டு சாப்பிட்டார். லஞ்சமா? ஆமாம், லஞ்சம்தான்.

மார்ச் 18, திங்கள்

தின்ற பை செரிப்பதற்குள் எனக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டார்!

எழுந்து நின்று, "மேயர் அவர்களே" என்று ஆரம்பித்தார்.

"இந்த மேயரை நான் நம்பறேன். வீட்டுச் சாவி, டிராக்டர் சாவி எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. ஆனா இவங்களுக்கு அப்புறம் அந்த நாற்காலில உட்காரப் போறவன் யாருன்னு எனக்குத் தெரியாதே."

நான்குக்கு ஒன்று. சட்டம் நிறைவேறியது. நான் தோற்றதை நானே மேசையில் சுத்தியலைத் தட்டி அறிவிக்க வேண்டும். அறிவித்தேன்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது ஆர்லன் சொன்னார்: "மார்லிஸ், போர்டுல மூணு கட்டம் போடுவியே. சட்டம் செய்றவங்க, நடத்துறவங்க, தீர்ப்புச் சொல்றவங்க. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு நிறுத்தணும்னு பிள்ளைங்ககிட்டச் சொல்வே. நல்லவங்களுக்கு அது வேண்டாம்னா சொன்னே?"

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவருடைய பல்வலி மாத்திரையை மட்டும் வெளியே வைத்தேன்.

கோபமாக இருக்கிறது. அவர் சொன்னது சரி — அதனால்தான் இவ்வளவு கோபமோ?

மார்ச் 19

காலையில் பான்கேக் வாசனை. சமாதானத் தூது. அடி கருகியிருந்தது. தின்றேன்.

ஏப்ரல் 1

நம் ஊர்ப் போலீஸ்காரன் கர்ட்டைப் போலீஸ் தலைவராக்க முன்மொழிந்தேன். ஐந்து பேரும் சம்மதித்தார்கள். முதலில் "சரி" என்றது ஆர்லன். முன்பு என்றால் கர்ட் நான் போட்ட ஆள். இப்போது ஊர் போட்ட ஆள். யோசித்தால், அது எனக்கும் பாரம் குறைந்த மாதிரிதான்.

2022 பிப்ரவரி 7, திங்கள்

நவம்பர் தேர்தலில் என்னைத் தோற்கடித்த ட்ராய்தான் இப்போது மேயர். முழங்கால் வலியால் ஆர்லன் போன வருடமே விலக, சபையில் அந்த இடம் காலியானது. சபை என்னைத் தேர்ந்தெடுக்க, இப்போது அங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கர்ட் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டான். போலீஸ் தலைவர் பதவிக்கு ட்ராய் இன்று தன் மச்சான் பெயரைச் சொன்னார். குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டு முறை மாட்டியவன்! அவனிடம் துப்பாக்கியும் ஊரும்.

இரண்டு பேர் சரி என்றார்கள். ஃபிலிஸும் இன்னொருவரும் வேண்டாம் என்றார்கள். கடைசியாக என் முறை.

எழுந்து நின்றேன். "மேயர் அவர்களே, எனக்குச் சம்மதமில்லை."

சுத்தியலைத் தட்டி, தான் தோற்றதை ட்ராயே அறிவித்தார். பாவமாகத்தான் இருந்தது. கடைசி வரிசையில் கைத்தடியோடு ஆர்லன், ஒன்றும் தெரியாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் செர்ரி பை காத்திருந்தது. அவரே செய்தது.

"லஞ்சமா?" என்றேன்.

"ஓட்டுதான் போட்டாச்சே. இது மூணு வருஷக் கடன்."

அடி கருகியிருந்தது. இரண்டு துண்டு தின்றேன்.