படிக்காமல் கையெழுத்திட்ட பாடக்குறிப்பு

உன் ஆண்டவருடைய நிழலில் இளைப்பாறும் என் தங்கை அன்னம்மாளுக்கு,

மூன்றாண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தும், தலைமையாசிரியனான நான் உன்னை "டீச்சரம்மா" என்று மட்டுமே அழைத்தேன். தங்கை என்று எழுத இன்று எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆயினும் வேறு எந்தச் சொல்லுக்கும் பேனா நகர மறுக்கிறது. இக்கடிதத்தை ஆசிரியர்கள் படிக்கும் இதழுக்கு அனுப்புகிறேன். உனக்கு நான் இழைத்த தீங்கு பலர் முன்னிலையில் நடந்தது. அதை உன்னிடம் மட்டும் தனியே சொல்லி அழுதுவிட்டுப் போவது இன்னொரு கள்ளத்தனமாகிவிடும்.

சூளகிரிக்கு அருகே நம் பள்ளியில், பகலுணவுக்குப் பின் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும் கோலம் உனக்கு நினைவிருக்கும். உடம்பெல்லாம் புழுதி. ஒருவன் தெலுங்கில் ஏசுவான், மற்றவன் கன்னடத்தில் பதில் சொல்வான், நடுவே தமிழில் ஒரு குழந்தை அழும். மற்ற ஆசிரியர்களான நாங்கள் பிரம்பை எடுப்போம். நீ வாசலில் பள்ளி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒரே ஒரு முறை தட்டுவாய். பிள்ளைகள் கண்ணை மூடி அந்த ஓசையின் பின்னாலேயே போக வேண்டும். அது முற்றிலும் அடங்கியதும் ஒரு விரலை உயர்த்த வேண்டும். அவ்வளவே பாடம்.

பிறகு, ஓசை நின்றபின் என்ன கேட்டது என்று வினவுவாய். கேழ்வரகு பயிரிடும் நாராயணப்பாவின் மகள் லட்சுமம்மா ஒருநாள் சொன்னாள்: "என் மூச்சு கேட்டுச்சு டீச்சர். அது ஏன் இவ்ளோ அவசரமா போவுது?" சன்னலுக்கு வெளியே நின்றிருந்த என் காதிலும் அது விழுந்தது.

விழுந்து என்ன பயன்? நான் கண்டதெல்லாம் நடுப்பகல், மணி, மூடிய கண்கள், குனிந்த தலைகள். உங்கள் மாதா கோயிலிலும் நடுப்பகலில் மணியடித்துச் செபம் சொல்வார்கள் என்று அறிவேன். நாங்களோ சந்நிதியில் கண்ணைத் திறந்து, கைகளைத் தலைமேல் கூப்பிப் பெருமாளைச் சேவிக்கிறவர்கள். கண்ணை மூடிய குழந்தை யாரை நினைக்கிறது என்று நானே ஒரு முடிவு கட்டினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கப் பத்தடி நடந்தால் போதும். நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் என் உபந்நியாசம் உண்டல்லவா? அவ்வார வெள்ளியன்று பாசுரத்துக்குப் பொருள் சொல்லி முடித்தபின், பள்ளியில் மணியடித்துப் பிள்ளைகளின் கண்ணை மூடச் சொல்கிறார்கள், அது யாரை வேண்டுவதற்கு என்று பெற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அதையே பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டவன் நான்.

திங்களன்று உன் வகுப்பில் பாதி இடம் காலியாக இருந்தது. என் மேசைமுன் வந்து, "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனாங்கய்யா?" என்றாய். ஊரார் மனம் அப்படி, நான் என்ன செய்ய என்று கூசாமல் சொன்னேன். நீயே மாறுதல் கேட்டு ஊத்தங்கரைப் பக்கம் போனாய். மறு கோடையில் விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. செய்தி வந்த நாளில் நான் பள்ளிக்கு விடுமுறைகூட விடவில்லை.

சென்ற மாதம் இன்ஸ்பெக்டர் வருகைக்காகப் பீரோவை ஒழித்தபோது உன் பாடக்குறிப்பு ஏடு கிடைத்தது. திங்கட்கிழமைதோறும் நீ அதை என்முன் வைப்பாய். திங்கள்தோறும் நான் படிக்காமலே கையெழுத்திடுவேன். அதில் ஒரு பக்கம்: "வெள்ளிக்கிழமை கோயில் தெருவில் நின்று தலைமையாசிரியர் ஐயாவின் உரையைக் கேட்டேன். மனம் ஒன்றில் நிற்கப் பழக வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஏற்றபடி மணியோசையைக் கொண்டு செய்து பார்க்க வேண்டும்." அதன் கீழே, சிவப்பு மையில், என் கையெழுத்து.

உள்ளே வரலாகாதென்று தெருவில் நின்றா கேட்டாய், அம்மா? மண்டபத்தில் அமர்ந்து தலையாட்டியவர்களில் எத்தனை பேர் அதை வீடுவரை கொண்டுபோனார்கள்? கொண்டுபோய்ச் செய்து பார்த்த உன்னை, அதே மண்டபத்திலிருந்து நான் பழித்தேன். தனக்குச் செய்த அபசாரத்தைப் பகவான் பொறுப்பான், அடியாருக்குச் செய்ததைப் பொறுக்கமாட்டான் என்று ஊருக்குச் சொன்ன வாய் இது.

மறுநாள் நானே உன் வகுப்பில் தண்டவாளத்தைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். இன்ஸ்பெக்டர், பதிவேடு, ஓட்டை ஓடு என்று மனம் எங்கெங்கோ போயிற்று. "ஐயா, சத்தம் அப்பவே நின்னுபோச்சுங்க" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நாற்பது ஆண்டுகள் பாசுரம் ஓதிய மனம் அது.

நின்றுபோன பிள்ளைகளில் லட்சுமம்மா மட்டும் திரும்பவேயில்லை. அவளை அழைக்க நாராயணப்பாவின் களத்துக்குப் போனேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் பாப்பாவ நிறுத்தினேன் சாமி. இப்ப நீங்களே வந்து அனுப்புன்றீங்க. எது நெசம்?"

அன்று சொன்னது பொய், விசாரியாமல் சொன்னேன் என்றேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? அந்தம்மா புள்ளைங்கள மதம் மாத்த வந்தவங்கன்னு ஊரு இன்னும் பேசிக்கினுதான் இருக்குது. கோயில்ல சொன்னீங்க இல்ல, அங்கியே சொல்லுங்க. அப்பால பாப்பா வரும்."

அதன்பின் இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. இரண்டிலும் சொல்லத்தான் எழுந்தேன். கூட்டத்தின் முகங்களைப் பார்த்ததும் வழக்கமான பாசுரத்தையே தொடங்கிவிட்டேன். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். உன்மேல் பழி சொன்ன அன்று இந்த முகங்கள் என்னை ஏன் தடுக்கவில்லை?

வரும் வெள்ளிக்கிழமை, பாசுரம் தொடங்குமுன், உன் பெயரைச் சொல்லி, உன் ஏட்டின் அப்பக்கத்தை உரக்கப் படிப்பேன். இது என் வாக்கு. என் வாக்கின் தரம் நீ அறிந்ததே. ஆகையால் நாராயணப்பாவை முன்வரிசையில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். நான் இம்முறையும் நழுவினால் எழுந்து நின்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்பார்.

நீ உயிரோடிருந்த நாளில் அண்ணனாக நடந்துகொள்ளாத,
உன் அண்ணன்.