முனியாண்டிக்குப் போன கோடாலி

ஓகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். எதிர் மலை தெரியவில்லை. மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் கை வைத்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம்.

டிலக்சனாவின் கோடாலி மரவேலை முடிந்தது. இனி பெயின்ட்தான். (டிலக்சனா என்று முழுசாய் எழுதினால் இடம் போகிறது. டி. போதும்.) என் மகள் செல்வி பெற்ற ஒரே பிள்ளை.

போனில் டி. விளையாடுகிற விளையாட்டு. அதில் ஒற்றைக் கண்ணோடு ஒரு பொம்பளை, பனியில் நடந்து நடந்து ராட்சசர்களை வெட்டுகிறாள். அவள் கையில் இருக்கிற கோடாலி. ஆள் உயரம், பிறை மாதிரி அலகு, நடுவில் கண் போல ஓட்டை. அதைத்தான் டி. பழைய கட்டில் பலகையில் செய்திருக்கிறாள். அளவு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அந்தப் பொம்பளை உயரத்துக்குக் கோடாலி எவ்வளவு என்று போன் மேல் நூல் வைத்துப் பார்த்து, தன் உயரத்துக்குப் பெருக்கினாளாம். நான் ஐந்தாம் வகுப்போடு சரி. கணக்கு ஏறவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொண்டேன்.

உயர்தர (ஏஎல்) பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து பிள்ளை வாசல் தாண்டவில்லை. பீலிக்குப் போவதும் ஆள் இல்லாத நேரம் பார்த்து. யாராவது ரிசல்ட் கேட்டுவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் போட்டி. விளையாட்டில் வருகிற சாமான் எதையாவது வீட்டில் தானே செய்து, மேடையில் காட்ட வேண்டும். போனிலேயே பேர் கொடுத்துவிட்டாள்.

"கோடாலி முடிஞ்சா போவேன் அம்மாயி. வெறுங்கையோட போக மாட்டேன்."

எனக்குப் பரிசெல்லாம் வேண்டாம். அவள் பஸ் ஏறினால் போதும்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற ராசாத்தி எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, பேத்தி வெறகு வெட்டப் போறாளா?"

"ஒன் வீட்டு வெறகத் தொட மாட்டா. பயப்படாத."

இரவுக்கு ரொட்டி, கட்ட சம்பல். தேங்காய் பாதி மிச்சம்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

வெயில். சொன்னால் நம்ப மாட்டார்கள், பளீரென்று வெயில். கம்பளி எல்லாம் வெளியே.

காலையிலேயே டி. கடைசிப் பூச்சு அடித்தாள். அலகு வெள்ளி, ஓரம் சிவப்பு. அடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அடுப்பு மூட்டினேன். புகை நேரே கோடாலிக்குப் போகிறது. இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தால் ராசாத்தியின் கோழி. வெளியே கொடி நிறைய ஈரக் கம்பளி.

யோசித்தேன். மேல் மலை முனியாண்டி கோயில்தான் சரி. தகரக் கூரை, நல்ல காற்று, முன்னால் வெயில். புகை இல்லை. அங்கே வைத்த சாமானை யாரும் தொடவும் மாட்டார்கள். தூக்கிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. எதிலும் சாய்த்தால் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும். அதனால் பிடியை மண்ணில் குத்தி, சாமியின் சூலங்களுக்கு நடுவே நேராய் நிறுத்தி வைத்தேன். காற்றில் ஜம்மென்று நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இறங்கினேன்.

பின்னேரம் மூடுபனி. செல்வி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவள், "சாமிகிட்டதானே இருக்கு. யாரு எடுக்கப் போறா, காலையில போங்கம்மா" என்றாள். டி.யும் சரி என்றாள், விட்டுவிட்டேன்.

முழங்காலுக்குத் தைலம்.

ஓகஸ்ட் 20, புதன்

என்னத்தை எழுத.

இன்றைக்கு மேல் மலையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துத் தொடக்கம் என்பது என் மண்டையில் இல்லவே இல்லை. முதல் செடியை வெட்டுமுன் ஆம்பளைகள் எல்லாரும் கத்தியை முனியாண்டி காலடியில் வைத்துப் பூசை போடுவது வருஷா வருஷம் நடப்பதுதான். நானே எத்தனை தடவை பொங்கல் வாங்கித் தின்றிருக்கிறேன்.

ஏறிப் போய்ப் பார்த்தால் கோடாலிக்கு செவ்வந்தி மாலை. நுனியில் எலுமிச்சம்பழம். ஓட்டையைச் சுற்றிச் சந்தனம், குங்குமம். கீழே சேவல் ரத்தம். பார்க்க அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பூசாரி மாணிக்கம், அவரும் கவ்வாத்து வெட்டுகிறவர்தான், ஓடி வந்தார். "என்னா பெரியம்மா, நேர்த்திக்கடன்னு ஒரு வார்த்த சொல்லலியே. பக்கத்துத் தோட்டம் எதுலயும் முனியாண்டிக்கு இம்மாம் பெரிய கோடாலி இல்ல."

"நேர்த்திக்கடன் இல்ல தம்பி. காயப் போட்டது."

"காயப் போட்டதா?"

"பெயின்ட் காயணும்ல."

பின்னால் ஒருத்தன் சிரித்துவிட்டான். மாணிக்கம் திரும்பி முறைத்ததும் இருமுகிற மாதிரி ஆக்கிக்கொண்டான்.

பேத்தியினது, ஞாயிறு வேண்டும் என்று விவரம் சொன்னேன். மாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

"சேவல் வெட்டியாச்சு பெரியம்மா. ரத்தம் பட்ட பொறகு அது சாமி சாமான். நான் புடுங்கிக் குடுத்து, நாளைக்கி இவனுங்கள்ல ஒருத்தன் கால்ல கத்தி எறங்குனா யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தானே. அந்தக் கத்தி தலைமுடியை வெட்டும். கீழே இறங்குகிற வழியெல்லாம் டி.யிடம் எப்படிச் சொல்வது என்றே நினைப்பு.

சொன்னேன். முதலில் சிரித்தாள். "முனியாண்டியும் கேம் வெளையாடுறாரா அம்மாயி?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சோறு இறங்கவில்லை எனக்கு.

ஓகஸ்ட் 21, வியாழன்

மழை. பூக் கட்டிப் பார்த்தோம், மாணிக்கம்தான் யோசனை சொன்னார். வெள்ளைப் பூ வந்தால் எடுத்துக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் சாமிக்கு. ராசாத்தியின் சின்னப் பேத்தியைக் கூட்டிப் போய் எடுக்கச் சொன்னோம்.

சிவப்பு.

"இன்னொரு தரம் எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கடையில வெல கேக்குற மாதிரி சாமிகிட்ட கேக்க ஏலாது பெரியம்மா."

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். வாய்விட்டே சொன்னேன். "சரி, நீங்களே வச்சுக்கோங்க. ஆனா ஞாயித்துக்கெழம எம் புள்ளைய பஸ் ஏத்தி விடணும். அது ஒங்க பொறுப்பு." மரியாதை குறைவாய்ச் சொல்லவில்லை. கொஞ்சம் குரல் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் டி. போர்வைக்குள். "நான் போகல அம்மாயி. பேர வெட்டச் சொல்லி நாளைக்கி மெசேஜ் போடுறேன்." நான் செய்த வேலை. எனக்குத் திட்டு விழுந்திருந்தால் கூட ஆறுதலாய் இருந்திருக்கும்.

செல்விக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

தூறல் விட்டு விட்டு.

செல்வி பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனதும், உட்காருகிற வாங்குப் பலகையைக் கழற்றினேன். இஸ்தோப்பில் போட்டு, அடுப்புக் கரியால் கோடு இழுத்து, வாள் எடுத்து அறுக்கத் தொடங்கினேன். நாமே ஒன்று செய்துவிட்டால் என்ன? பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம்தானே.

ராசாத்தி வந்தாள். "என்னாக்கா இது, மீனா?"

"கோடாலி."

"வாலு இருக்கே."

"அது அலகு. ஒனக்குத் தெரியாது, போ."

"கண்ணும் இருக்கு. நல்ல பாறை மீன்தான் போல."

உள்ளே போர்வை அசைந்தது. நான் கண்டுகொள்ளவில்லை, அறுத்தேன். பலகை ஒரு பக்கம் சிலாம்பாய்க் கிழிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் டி., தலை கலைந்து.

"அம்மாயி, பிறை அந்தப் பக்கம் திரும்பணும்."

"இந்தப் பக்கம் திரும்புனா என்னாவாம்?"

"அவளுக்கு ஒத்தக் கண்ணுதானே. கண்ணு தெரியிற பக்கம்தான் அலகு வரும். நகருங்க."

வாளை வாங்கிக்கொண்டாள். நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று ராசாத்தி இப்போது ஊரெல்லாம் சொல்கிறாள். இல்லை. நன்றாய்த்தான் வெட்டுகிறேன் என்று நினைத்தேன்.

காம்பராவுக்குள் இடம் பத்தாது. இஸ்தோப்பிலேயே அறுத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வேலை விட்டதும் கவ்வாத்து ஆட்கள் வந்தார்கள், மாணிக்கம் முன்னால். கையில் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் தூர். முறுக்கி முறுக்கி பாம்பு மாதிரி. "மாலையப் போட்டது நாங்க. பிடிக்கு இது ஆவுமா பாரு புள்ள." டி. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் கோடாலிப் பிடி மொட்டையாய் நேராய் இருந்தது. இதைப் பார்த்ததும் கண் விரிந்தது.

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாண்ட் பேப்பர் போட்டார்கள். நேற்று முன்தினம் சிரித்தானே, அவன் பேர் சுகு, நல்ல பையன்தான், வாய்தான் சும்மா இருக்காது. கேட்டுவிட்டான்.

"தங்கச்சி, ஏஎல் ரிசல்ட் என்னாச்சு?"

தேய்க்கிற சத்தம் எல்லாம் நின்றது.

டி. தலை நிமிரவில்லை. "ரெண்டு பாடம் போயிருச்சு. அந்தப் பக்கம் புடிங்க அண்ணே, ஆடுது."

அவன் பிடித்தான். அவ்வளவுதான். எல்லாரும் திரும்பத் தேய்த்தார்கள். இத்தனை மாசம் ஒளிந்திருந்தது இதற்காகவா.

எல்லாருக்கும் பால் இல்லாத தேயிலைச் சாயத் தண்ணி. சீனி முடிந்தது.

ஓகஸ்ட் 23, சனி

மரத்தூளும் பசையும் குழைத்து வெடிப்பு அடைத்தோம். தூரில் அலகு நிற்கவில்லை, உள்ளே ஆணி, மேலே சணல் கயிறு. பெயின்ட் கொஞ்சம்தான் மிச்சம். சிவப்புக்குத் தட்டுப்பாடு, ஓரத்தை மெலிசாய் இழுத்தாள்.

காய வைக்க, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா மண்டபம். ஆயாம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "இது கோடாலி. போட்டிக்கு. யாரும் கும்பிட வேணாம்." பாதுகாப்புக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் வந்து வந்து கேட்டன, ராட்சசனை நிஜமாய் வெட்டுமா என்று. வெட்டும் என்றேன்.

செல்வி தன் கறுப்புச் சால்வையைத் தைத்துக் கொடுத்தாள், தோளில் போட. ஒற்றைக் கண்ணுக்கு மறைப்பும் அதிலேயே. டி. போட்டுக் காட்டினாள். ஆள் உயரமாய்த் தெரிந்தாள்.

மூத்ததைவிட இது அழகு. முனியாண்டிக்குக் கேட்காமல் எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

வெளுத்த வானம். மழை இல்லை.

பஸ்ஸில் கூட்டம். கோடாலியைக் குறுக்கே பிடித்தால் நாலு பேர் முகத்தில் படும், நேரே பிடித்தால் கூரை இடிக்கிறது. கண்டக்டர் தம்பி சிங்களத்தில் ஏதோ சொல்ல, டி. சிங்களத்திலேயே பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவளை.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். வாள், துப்பாக்கி, நுரை மாதிரி ரெஜிபோமில் கவசம். எல்லாம் பளபளவென்று டவுன் வேலை. எனக்கு உள்ளே லேசாய்ப் பயம். டி. கோடாலியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள். மைக்கில் எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். சொன்னாள். முதல் கோடாலி எங்கே போனது என்பதையும் சொன்னாள். மண்டபமே சிரித்தது. கூட வந்த பாட்டி யார் என்று கேட்டு என்னையும் எழுந்து நிற்க வைத்தார்கள். நின்றேன். சும்மா நிற்பானேன் என்று நாலு பக்கமும் கும்பிட்டேன்.

பரிசு இல்லை. முதலாவது கண்டிப் பையன், உள்ளே லைட் எரிகிற வாள். நன்றாய்த்தான் இருந்தது. எங்களுடையது அதைவிட நன்றாய் இருந்தது. நடுவர்களுக்குக் கண் கொஞ்சம் மட்டு.

முடிந்து வெளியே வந்தால் டி.யைக் காணோம். தேடினால், வாசலில் நாலைந்து பிள்ளைகள் அவளைச் சுற்றி. ராகலையிலிருந்து ஒருத்தி, டவுன் பிள்ளைகள் இரண்டு பேர், இன்னும் யாரோ. தூரைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். இவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். அடுத்த முறை எல்லாரும் சேர்ந்து ஏதோ கோட்டை வாசல் செய்யப் போகிறார்களாம். தூர் எங்களிடம் நிறைய இருக்கிறது என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள, பஸ் வந்துரும்."

"அம்மாயி, நீங்க போங்க. நான் இவங்களோட கொஞ்சம் பேசிட்டு அடுத்த பஸ்ல வாறேன்."

"தனியாவா?"

"என்னா அம்மாயி, கோடாலி இருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பார்த்தேன். மூன்று தரம் திரும்பினேன்.

காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர் தம்பி. "ஆச்சி, ரெண்டு டிக்கட்தானே?" என்று கிழிக்கப் போனான்.

"ஒண்ணு போதும்" என்றேன். பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.