மூணாவது கொக்கி

மார்ச் 4
சிட்டு, நீ போன பிறகும் காலையில் ரெண்டு டம்ளர்தான் எடுத்து வைக்கிறேன். கை கேட்க மாட்டேன் என்கிறது.

தார்ப்பாய்க் கடையில் புது வேலை. பழக்கடைக்காரருடைய பழைய முக்கோணத் தார்ப்பாய் ஆறு, எட்டு, பத்து அடி. புதுக் கடைக்கு அதே வடிவத்தில் பெரிதாக வேண்டுமாம், ஆறடிப் பக்கம் பன்னிரண்டாக. அந்த அளவுக்கே மூணு கம்பமும் நட்டாச்சாம். முதலாளி, "கணக்குப் போட ஆளைக் கூப்பிடவா?" என்றார்.
"வேணாங்க, என் மக சொல்லித் தந்திருக்கா."
வாய் சும்மா இருந்ததா?

மார்ச் 6
தைத்தாச்சு. ஆறு பன்னிரண்டாக ஆறு கூட்ட வேண்டும். மற்ற ரெண்டுக்கும் அதே ஆறைக் கூட்டினேன். பதினாலு, பதினாறு. இதற்கா ஆளைக் கூப்பிடுவார்கள்!

மார்ச் 7
தார்ப்பாய் ரெண்டு கம்பத்துக் கொக்கியில் மாட்டியது. மூணாவது கம்பத்துக்குத் துணி எட்டவே இல்லை. பழக்கடைக்காரர், "அண்ணே, கம்பத்தைக் கொஞ்சம் நடந்து வரச் சொல்லுங்க" என்றதும் தெருவே சிரித்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, "உன் மக சொல்லித் தந்த லட்சணமா இது?"
நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ சொல்லலைங்க, நானா போட்டதுங்கன்னு ஒரு வார்த்தை — வரலையே சிட்டு. செத்த புள்ள மேல பழிய விட்டுட்டு மரமாட்டம் நின்னேனே. நானெல்லாம் ஒரு அம்மாவா?

மார்ச் 8
சாப்பிடவில்லை.

மார்ச் 9
உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். பென்சில் சீவல் அப்படியே கிடக்கிறது. உன் ஸ்கேலை வைத்து மூணு, நாலு, அஞ்சு இஞ்சில் ஒரு காகித முக்கோணம் வெட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணு கூட்டி இன்னொன்று. சின்னதைப் பெரியதன் மேல் வைத்தால் ஒரு மூலைகூட ஒட்டவில்லை. பிறகு எல்லாப் பக்கத்தையும் ரெட்டிப்பாக்கி வெட்டினேன். எந்த மூலையில் வைத்தாலும் அச்சாகப் படுத்துக்கொண்டது.
அப்போதுதான் உன் குரல் வந்தது. "கூட்டக் கூடாதும்மா, பெருக்கணும். எல்லாப் பக்கமும் ஒரே மடங்கு. அப்பத்தான் மூலை மாறாது." நான் மிஷின் மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிச் சொல்லித்தானே பரீட்சைக்குப் படித்தாய்.

மார்ச் 12
பன்னிரண்டு, பதினாறு, இருபது. மூணாவது கொக்கியில் மாட்டி இழுத்ததும் துணி விறைப்பாக நின்றது.
"இது யாரும்மா போட்ட கணக்கு?" என்றார் முதலாளி.
தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "என் மகளோடதுங்க. அவ அப்பவே சரியாத்தான் சொன்னா. நான்தான் காதுல வாங்கல."
யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் முகம் சுடுகிறது.
நீ சொல்லச் சொல்ல 'ம்ம், ம்ம்'னு கொட்டினேனே — அது வெறும் 'ம்ம்'தான்னு தெரிஞ்சேதான் சொல்லிக்கிட்டிருந்தியா, கண்ணு?