தியரிக்கு விழுந்த அறை

மே 17, சனி

இன்று மாலை வேத வகுப்பில் சபைச் செயலாளர் சாமுவேலைக் கைத்தடியால் அடித்தேன்.

பேச்சு பரிணாமத்தில் தொடங்கியது. கடவுள் படைத்த விதத்தைத்தான் அறிவியல் விவரிக்கிறது, இரண்டுக்கும் பகையில்லை என்றேன். முப்பது ஆண்டு விலங்கியல் நடத்தியவள் வேறென்ன சொல்வேன்? சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சாமுவேல் சிரித்தார்.

"தியரின்னு அவங்களே சொல்றாங்களே டீச்சர், பிராக்டிகல் எங்க? மைன்ஸ்ல தியரிய வச்சிக்கினு ஒரு போல்ட்டக்கூட முடுக்க முடியாதுங்க."

அறிவியலில் அச்சொல் ஊகத்தைக் குறிப்பதில்லை, சான்றுகளால் நிலைபெற்ற விளக்கத்தையே குறிக்கிறது என்று நான் சொல்லுமுன், விலங்கியல் படிக்க விண்ணப்பித்திருக்கும் அவர் மகள் பிரீத்தி முந்திக்கொண்டாள்.

"புவியீர்ப்பும் தியரிதாம்ப்பா. மாடியிலேர்ந்து குதிச்சிப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் அவள் வாயிலேயே அறைந்தார். உதடு கிழிந்து இரத்தம் வேதாகமத்தின்மேல் சொட்டியது. மறுபடி கை ஓங்கியபோது என் தடி அவர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை எனக்கு இனிமையாகவே இருந்தது.

பிரீத்தி தன் உதட்டைத் துடைக்காமல் தந்தையின் கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"உங்கள யாரு டீச்சர் அடிக்கச் சொன்னது? நாலு நாள்ல சமாதானம் ஆயிருப்பாரு. இனிமே காலேஜுக்கே அனுப்ப மாட்டாரு."

போதகர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். கேட்டால் சாமுவேல் அவளைக் கல்லூரிக்கு அனுப்புவாரா என்றேன். அனுப்பலாம் என்றார். நாளை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னிலும் கேட்பேன். என் வாழ்நாளின் மிகப் பெரிய பொய்யைக் கோவிலில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.