மருதாணித் தாடியும் எக்ஸ்ரே பிலிமும்

8 ஜூலை 2025, செவ்வாய்

ஆறு பிலிம் பாழாய்ப் போய், ஏழாவது உருப்பட்டது. நான் எக்ஸ்ரே எடுக்கும் கிளினிக்கில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும், தேதி முடிந்த பிலிம் பெட்டிகளை டாக்டர் எனக்கே கொடுத்துவிட்டார். பிளைவுட்டில் பெரிய கேமரா ஒன்று அடித்தேன். லென்ஸ், ஜெராக்ஸ் கடை கோதண்டராமனின் செத்துப்போன மெஷினிலிருந்து கழற்றியது. ஷட்டர் கிடையாது. லென்ஸ் மேல் மாட்டிய டப்பா மூடியைத் திறந்து, நாலு எண்ணி, மூட வேண்டும். இன்று என்னை உட்கார வைத்து அவன்தான் திறந்தான். “மூச்சு வுடாத பாய்” என்றான். முப்பது வருடமாகச் செஞ்சி ஊர் ஜனங்களை மூச்சுப் பிடிக்க வைத்தவன் நான். எனக்கே சொல்கிறான்.

குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டுத் தட்டில் கழுவினேன். இந்த பிலிமில் இரண்டு பக்கமும் மருந்து. நகம் பட்டாலே கீறல். நல்லவேளை, கீறல் இல்லை. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்து, செல்லில் பிடித்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தால் — யார் இவன்?

மருதாணித் தாடி கன்னங்கரேலென்று இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். இந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் கழுவ முடிகிறது. மருதாணி நிறமும் அதற்கு இருட்டுதான். ஐம்பத்தேழு வயது நூர் முகமது நாற்பதில் உட்கார்ந்திருக்கிறான்.

“இன்னா பாய், உன் தம்பியா?” என்றான் கோதண்டராமன்.

10 ஜூலை, வியாழன்

திண்டிவனத்திலிருந்து மகள் சாஜிதா போன் செய்தாள். அவள் அம்மா போய் ஆறு வருடம். தனியாக இருக்காதீர்கள் என்று மூன்று வருடமாக எனக்குப் பெண் தேடுகிறாள். இப்போது அவலூர்பேட்டையில் ஒருவர். ஷமீமா, ஐம்பத்தொன்று, கணவர் இல்லை, தையல் சொல்லிக் கொடுக்கிறார். “நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க அத்தா.”

நல்ல போட்டோ என்றுதானே கேட்டாள்? அனுப்பினேன். அவளும் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே அங்கே அனுப்பிவிட்டாள். இது பொய்யா? நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

அடுத்த ஞாயிறு வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது தாடியை என்ன செய்வது?

16 ஜூலை, புதன்

“கறுப்பு டை அடிச்சிக்க, வேலை முடிஞ்சுது” என்கிறான் கோதண்டராமன். மார்க்கத்தில் கறுப்புச் சாயம் கூடாது என்றுதான் மருதாணியே பூசுகிறேன். நான் பூசாமல் பிலிம் பூசினால் கூடுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்கப் பள்ளிவாசல் வரை போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும், இரண்டாவது ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

அவலூர்பேட்டை. டீ வந்தது. ஷமீமா என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“அவரு வரலியா?”

“யாரு?”

“போட்டோவுல இருந்தவரு.”

சாஜிதா சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பிலிம் கதையை முழுவதும் ஒப்பித்தேன். ஷமீமா சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கேயோ வைத்திருந்தார்.

“அப்போ என்னையும் அந்தப் பொட்டியில எடுங்க. பாத்துட்டு பதில் சொல்றேன்.”

சரி என்று தலையாட்டிய பிறகுதான் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மங்கு. பழுப்பு நிறம். இந்த பிலிம் அதை இன்னும் கறுப்பாகத்தான் காட்டும். என்னை வாலிபனாக்கிய சனியன் இவரை என்ன செய்யுமோ!

27 ஜூலை, ஞாயிறு

ஷமீமா வந்தார், சாஜிதாவுடன். கொல்லையில் நிழலில் உட்கார வைத்தேன். நாலு எண்ணுவதற்குள் நான்தான் இரண்டு முறை மூச்சு விட்டேன், அவர் அசையவில்லை.

தட்டில் கழுவி, செல்லில் மாற்றிப் பார்த்தேன். நினைத்தபடியேதான். இரண்டு கன்னத்திலும் அட்டைக்கறுப்பு. எனக்கு இவரைப் பிடித்துவிட்டது, வந்த வம்பு அதுதான். பிடிக்காமல் இருந்தால் காட்டிவிட்டுப் போயிருப்பேன். வெளியே வந்து, “வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சு” என்றேன்.

“கெட்டதையே காட்டுங்க.”

காட்டினேன். வேறு வழி? செல்லைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பதினஞ்சு வருசமா கண்ணாடியில பாக்கறதுதான். இதுக்கா பொய் சொன்னீங்க?”

“மனசு நோகுமேன்னு…”

“உங்க தாடிக்கு ஒரு பொய், என் கன்னத்துக்கு ஒரு பொய். கல்யாணத்துக்குன்னு இன்னொண்ணு வெச்சிருக்கீங்களா?”

பதில் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டார். எனக்கு வேண்டும். நல்லா வேணும்.

2 ஆகஸ்ட், சனி

போன் இல்லை. மருதாணிக் கிண்ணத்தை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

நாலு வாரமாக மருதாணி இல்லை. இன்று சிவப்பெல்லாம் போகும்படி தாடியை ஒட்டக் கத்தரித்தேன். மிச்சம் இருப்பது வெள்ளை. கோதண்டராமனைக் கூப்பிட்டு மூடியைத் திறக்கச் சொன்னேன். கழுவிப் பார்த்தால் ஐம்பத்தேழு எங்கே, அறுபத்தைந்து மாதிரி இருக்கிறது. முதல் படத்தில் கறுப்புத் தாடியைப் பார்த்த குஷியில் நான் கவனிக்காத வெயில் புள்ளி ஒவ்வொன்றையும் பிலிம் தேடிப் பிடித்திருக்கிறது. மூக்கின் மேல் மட்டும் மூன்று.

“இதையா அனுப்பப் போற? ஆஸ்பத்திரியில சேத்துக்குவாங்க பாய்.”

ஷமீமாவுக்கு நேராகவே அனுப்பினேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

மதியம் அவரிடமிருந்து குரல் செய்தி. பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. “பெரியவருக்கு சம்மதம் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அந்தச் சின்னவருக்கு வேற நல்ல பொண்ணா பாருங்க.”

பதினோரு முறை கேட்டேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

நிக்காஹ் முடிந்து பதினாறு நாள். இன்று ஷமீமா தானே மருதாணி அரைத்து எடுத்து வந்தாள். வேண்டாம், இனி வெள்ளையாகவே இருக்கட்டும் என்றேன். “எனக்குத் தெரியும்ல, அது போதும். ஊருக்கு எதுக்கு?” என்று முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பூச ஆரம்பித்தாள். பேசினால் வாயில் வழியும் என்று மிரட்டியதால் இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கோதண்டராமன் வந்து பார்த்துவிட்டு, எனக்கு உடம்பு சரியில்லையா என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனான்.