முள்ளம்பன்றி பேசிய தமிழ்

உன் அம்மாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றக் கண்ணில் இன்று காலை பதுளை ஆஸ்பத்திரியில் புரை எடுத்துக் கட்டுப்போட்டிருக்கிறார்கள். கூட இருப்பது நான்தான். பக்கத்துக் கட்டில்காரி என்னை மகள் என்று நினைத்தாள். மகள் இல்லை, பழைய தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவின் மகள் என்று தெரிந்ததும், "இந்தக் காலத்துல யாரு பாப்பா இப்பிடிப் பாக்குறா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடிக்கவிட்டேன். இந்தப் பாராட்டு எனக்குப் பழகிப்போய்விட்டது.

மத்தியானம் வார்ட்டின் மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நேர்ஸ் ஒருத்தி சானலை மாற்றினாள். ஊதுகுழல் சத்தத்தோடு ஒரு இசை வந்தது. நாம் பார்த்த அந்தக் கார்ட்டூன் தொடர். நாற்பது வருடமாகியும் அதே இசை, அதே சிங்களக் குரல்கள். நரிக்குட்டி ஓடி வந்தது. வளையின் வாசலில் முள்ளம்பன்றி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது. அது என்ன சொல்லப் போகிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது வேறு.

ஹல்துமுல்லைக்கு மேலே நம் தோட்டத்தில் அப்போது டிவி இருந்த வீடுகள் மூன்று. துரையின் பங்களாவுக்குக் கிட்டப் போக முடியாது. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் வீட்டில் நாய். அதனால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பிள்ளைகள் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வருவார்கள். உள்ளே விடக் கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். "காலெல்லாம் அட்டை" என்பாள். மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். நீ மட்டும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நிற்பாய். நான் உள்ளே ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உன் மூச்சு என் உச்சந்தலையில் படும். ஆட்கள் முன்னால் நான் உனக்குப் பாப்பா. ஜன்னலில் மட்டும் 'டி' போடுவாய். நமக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நான் பண்டாரவளைக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவள், எனக்குச் சிங்களம் வரும். உனக்கு வராது. லயத்து ஆட்களிடம் யாரும் மரியாதையான சிங்களம் பேசியதில்லை. வரெங், பலயங். வா, போ என்று அதட்டுகிற இந்த இரண்டு சொல்லும்தான் உங்கள் காதுக்கு வந்து சேர்ந்த சிங்களம். அதனால் ஜன்னலில் நான்தான் உனக்கு மொழிபெயர்ப்பு.

முள்ளம்பன்றி முதன்முதலாக வந்த நாளில் நீ ஜன்னலையே உலுக்கிவிட்டாய்.

"ஏய், என்னப்பாங்குது பாருடி! தமிழு பேசுது!"

அது சொன்னது 'என்ன எபா'. சிங்களத்தில் 'என்ன' என்றால் மரியாதையாக 'வா'. 'எபா' என்றால் வேண்டாம். சேர்த்துச் சொன்னால் 'வராதே'. தன் முள் யாரையாவது குத்திவிடுமே என்று பயந்து, கிட்ட வருகிறவர்களை எல்லாம் அந்தப் பிராணி கையைத் தூக்கித் தடுத்துக்கொண்டிருந்தது. வேகமாகச் சொல்லும்போது உன் காதில் அது 'என்னப்பா' என்று விழுந்தது.

என் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலிக்குக் கீழே என் காலை உதைத்தான். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் உன் மூக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"ஆமா. அது மட்டும் தமிழ்தான்" என்றேன்.

"நம்ம ஆளுடி அது! டிவிக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்!"

"அப்ப மத்ததுக எல்லாம் ஏன் சிங்களம் பேசுதுக?" என்று அடுத்த வாரம் கேட்டாய். "அதுக டவுன். இது தோட்டம்" என்றேன். உனக்கு அது உடனே விளங்கிவிட்டது. அப்புறம் வாரா வாரம் நான் சேர்த்துக்கொண்டே போனேன். அதன் தாத்தா திருச்சிப் பக்கமிருந்து வந்தவர் என்றேன். வளைக்கு அதுதான் கங்காணி என்றேன். நீ போன பிறகு அண்ணனும் நானும் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தோம். ஏன் செய்தேன் என்று நீ கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உன்மேல் கோபமில்லை, பொறாமையில்லை. வேடிக்கையாக இருந்தது, செய்தேன்.

நீயோ அதை வேதமாக எடுத்துக்கொண்டாய். "ஒடம்பு பூரா முள்ளுடி. இருந்தும் எல்லாரையும் என்னப்பான்னு கூப்புடுது. ஒரு பய கிட்டப் போக மாட்டேங்குறான். கூப்புட்டா போகணும்டி. கூப்புடுற ஆளுக்குத்தான் தெரியும் அதோட கஷ்டம்." சொன்னதோடு நிற்கவில்லை, அப்படியே நடக்கவும் செய்தாய். உங்கள் லயத்தில் கடைசிக் காம்பராக்காரி திட்டுவதற்குத்தான் வாயைத் திறப்பாள். அவள் கூப்பிட்ட குரலுக்கு நீ ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாய். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வேலை கேட்டு வந்து நிற்கிற ஆட்களுக்கு எல்லாம் இரண்டு கைகளையும் தூக்கி "என்னப்பா!" என்பாய். அவர்களும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்குவார்கள்.

ஒரு தடவை நீ உண்மையைக் கேட்டாய். "மெய்யாச் சொல்லுடி. லயத்துப் பயலுக சிரிக்கிறானுக. அது நம்ம பாஷையே இல்லயாம்." நான் கம்பியில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். "டவுன் ஸ்கூல்ல படிக்கிறது நானா, அவனுகளா?" என்றேன். "அதான பாத்தேன்" என்று நீ மூச்சு விட்டாய். அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்குக் கீழே ரோட்டை அகலமாக்கக் கல்லுக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆள் உண்டு. தேயிலைக்குள்ளிருந்து வருகிற குறுக்குப் பாதையில் கொடி இல்லாமல் ஒரே ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள். நீ அந்தப் பாதையில் வந்தாய்.

நான் ஜன்னலில் இருந்தேன். வெடிச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. ஊதுகுழல் இசை தொடங்கிவிட்டது, உன்னைக் காணவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நீ இல்லாவிட்டால் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு கல்தானாம். தேங்காய் அளவுகூட இல்லையாம்.

அப்பாவின் பின்னால் நானும் ஓடினேன். உன்மேல் யாரோ சாக்கை மூடியிருந்தார்கள். காவலுக்கு நின்றவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். சிங்களத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். சொல்லும்போதெல்லாம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். உன் அம்மாவுக்கு அப்பா அதைத் தமிழில் சொன்னார்.

"வராத, வராதன்னு கையத் தூக்கிக் கத்துனாராம். ஒம்மக சிரிச்சிச்சாம். அதுவும் ரெண்டு கையையும் தூக்கி, இவரு சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கிட்டு இவர்கிட்ட ஓடியாந்துச்சாம்."

அந்த இடத்தில் நின்ற அத்தனை பேரிலும் நீ ஏன் சிரித்துக்கொண்டு ஓடினாய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வாய் திறக்கவில்லை. உன் மாமன்மார் அந்த மனிதரைப் பொய்யன் என்று அடித்தார்கள். கத்தியிருந்தால் பிள்ளை நின்றிருக்கும் என்றார்கள். அவர் பல்லெல்லாம் ரத்தமாக, அப்போதும் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

உன் அம்மா மட்டும் அவரை நம்பினாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. அன்றைக்கு விறகைப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகிறேன் என்றதற்கு அவள் உன்னைக் கட்டையால் அடித்திருக்கிறாள். "நான் செத்தாத்தான் ஒனக்கு நிம்மதி" என்று கத்திவிட்டு நீ ஓடியிருக்கிறாய். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். ஆனால் வராதே என்று தடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெடிக்குள் போனாய் என்று கேட்டதும் அவள் தீர்மானித்துவிட்டாள். நீ வேண்டுமென்றே செத்தாய். அவள் அடித்ததால் செத்தாய்.

அதற்குப் பிறகு அவள் கொழுந்து எடுத்தாள், பென்ஷனுக்கு வந்தாள், ஒரு நல்ல சேலை கட்டியதில்லை. நான் படித்து, ஒரு அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஒரு சொல்லைப் பிழையாக விட்டதில்லை என்று பெயர். வேலை கிடைத்த வருடமே அவளைத் தேடிப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். அரிசியும் சேலையும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டவளை அக்கா என்கிறேன். ஒரு தடவை கேட்டாள்: "ஒங்கிட்டதான எல்லாம் பேசுவா பாப்பா. எம்மேல வெறுப்பா இருக்குன்னு சொன்னாளா?" "தெரியாதுக்கா" என்றேன். தெரியாதாம்! அண்ணன் கனடாவில் இருக்கிறான். அவனும் நானும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

முள்ளம்பன்றியின் கதை எப்படி முடிகிறது என்று நீ பார்க்கவில்லை, சொல்கிறேன். வராதே என்றதும் நரிக்குட்டி வாசலிலேயே நின்றுவிடும். கிட்டப் போகாது, விட்டுவிட்டும் போகாது. எட்ட உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும். நில் என்று சொல்கிறவனும் நம்மேல் அன்பாக இருக்கலாம் என்பதுதான் அந்தத் தொடர் சொன்ன பாடம். நான் உனக்கு அதைத் தலைகீழாகக் கற்றுக்கொடுத்தேன்.

இன்று மத்தியானம் முள்ளம்பன்றி கத்தியதும் உன் அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பாப்பா, இது அந்த முள்ளுப்பன்னி படமா?"

"ஆமாக்கா."

"எம்புள்ள சொல்லும், டிவிக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்னு. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நானே கேக்குறேன். என்னப்பான்னுதான பாப்பா சொல்லுது?"

இதைவிட நல்ல நேரம் வராது. கதவை அவளே திறந்துவிட்டாள். இல்லைக்கா, அது வராதே என்கிறது, அவள் சாகப் போகவில்லை, அந்த ஆள் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் போனாள், அப்படி நினைக்க வைத்தது நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக் கட்டையடி அவள் கையிலிருந்து இறங்கியிருக்கும். ஆனால் அது என் தலைமேல் ஏறும்.

"ஆமாக்கா" என்றேன். "நம்ம பாஷைதான்."

அவள் முகத்தில் கட்டுக்குக் கீழே தெரிந்த பாதி சிரித்தது. "அப்ப எம்புள்ள பொய் சொல்லல" என்று சொல்லிவிட்டு, என் கையைத் தேடி எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். அந்தக் கையால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

நாளைக் காலையில் கண்கட்டை அவிழ்க்கிறார்கள். முதலில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று டாக்டர் சும்மா கேட்டிருக்கிறார். "எங்க பாப்பா மொகத்தத்தான்" என்று சொல்லியிருக்கிறாள். நான் போய் எதிரில் நிற்பேன்.